உச்சந்தலை வாசம்

வாசனை வருவதற்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். விளக்கு வைத்ததும் மௌலியும் கோகிலாவும் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து, உள்ளங்கையோடு உள்ளங்கையைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று தோன்றும். உண்மையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. கைகளுக்கு நடுவில் வேர்வை கசகசக்கத் தொடங்கும். பிறகு, யாரோ டப்பாவைத் திறந்த மாதிரி அது வரும்.

மித்ராவின் உச்சந்தலை வாசம். தேங்காயெண்ணெயும் பவுடரும் இல்லை, அதெல்லாம் கடையில் கிடைப்பது. அதற்கெல்லாம் அடியில் ஒன்று இருக்குமே, வெயிலில் ஆடிவிட்டு வந்து மடியில் விழுகிற பிள்ளையின் மண்டையில்? லேசான புளிப்பு, கொஞ்சம் வறுத்த நிலக்கடலைத் தோல், கொஞ்சம் பால். பெற்றவர்களுக்கு மட்டும் தெரிகிற அது. மித்ரா ஒரு மழைக்காலக் காய்ச்சலில் ஆறு வயதில் போய்விட்டாள். ஆனாலும் கோயம்புத்தூர் கணபதியில், மாடிப்படிக்கு அடியில் செப்புக்கம்பிச் சுருள்கள் அடுக்கிய அந்த வீட்டில், தினமும் சாயங்காலம் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாளுங்க," என்பாள் கோகிலா.

"ம்," என்பான் மௌலி.

மௌலிக்குத் தொழில் மோட்டார் ரீவைண்டிங். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக்கம்பி சுற்றி ஓடவைப்பவன். செத்தது செத்ததுதான் என்று அவனுக்குத் தெரியும், மோட்டார் விஷயத்தைத் தவிர. அதனால் அவிநாசி ரோட்டில் இருந்த அந்த ஆய்வகத்துக்குப் போகலாமென்று கோகிலா சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. செத்த பிள்ளையை மோந்து பார்ப்பதாவது! ஆனால் கோகிலா அப்போது சரியாகத் தூங்கி வெகுநாளாகியிருந்தது. மித்ராவின் தலையணையைத் துவைக்காமல் ஒரு பாலிதீன் பைக்குள் முடிந்து வைத்திருந்தாள். அதில் வாசம் குறைந்துகொண்டே வருகிறதென்று அழுதாள். இதற்குமேல் என்ன கோபப்பட முடியும்? போனான்.

ஆய்வகத்தில் இருந்தவர் டாக்டர் எஸ்தர். நரைத்த கிராப்பும் குரலில் நல்ல பொறுமையும் உள்ள பெண்மணி.

"வேர்வைக்கு வாசமே கிடையாது சார்," என்றார். "தோல்மேல குடியிருக்கற கிருமிங்க அந்த வேர்வையைத் தின்னுட்டு வெளிய விடறதுதான் வாசம். ஆளுக்கு ஆள் கிருமி வேற, அதனால வாசமும் வேற. உங்க பொண்ணு தலையணையில என்னென்ன இருந்துதுன்னு பிரிச்சுப் பாத்துட்டோம். அதை உண்டாக்கற புரதத்தை சாதுவான ஒரு கிருமிக்குள்ள வெச்சுக் குடுத்தா, அது உங்க கையில உக்காந்து அந்த வாசத்தை உண்டாக்கும்."

"அப்ப குடுத்துருங்க," என்றாள் கோகிலா.

"முழுசா ஒருத்தருக்குக் குடுக்க மாட்டோம்மா. முதல்ல அப்படித்தான் குடுத்தோம். ஒரு அம்மா கையை மூக்குல வெச்சவங்க எடுக்கவே இல்ல. சாப்பிடல, ரூமை விட்டு வெளிய வரல. இப்ப அந்தப் புரதத்தை ரெண்டாக் கிழிச்சு, பாதியை உங்க கைக் கிருமியிலயும் பாதியை இவர் கைக் கிருமியிலயும் வெப்போம். ரெண்டு பேரும் மனசு ஒத்துக் கையைச் சேத்தாத்தான் வாசம் வரும். ஒருத்தர் இல்லாம ஒருத்தர் அங்க போக முடியாது."

"கிழிச்சது எப்படிங்க ஒட்டும்?" மௌலி கேட்டான். அவனுக்கு எதுவும் எப்படி ஓடுகிறதென்று தெரிந்தாக வேண்டும்.

"ரெண்டு துண்டோட நுனியிலயும் ஆளுக்குப் பாதி இன்டீன்னு ஒண்ணு இருக்கும். அந்தப் பாதிகள் சந்திச்சா ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்கும். ரெண்டு துண்டையும் இழுத்து ஒட்டவெச்சிரும். ஒட்டினதும் தன்னைத்தானே வெட்டிக்கிட்டு விலகிப் போயிரும். நடுவுல அது இருந்த தழும்புகூடத் தெரியாது."

"கல்யாணத் தரகராட்டங்களா?"

"தரகராவது பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவார்," என்று டாக்டர் சிரித்தார். "இது அதுக்கும் நிக்காது."

கூடவே ஒரு கையேடும் கொடுத்தார்கள். தனித்தனித் துண்டு, தனித்தனி சோப்பு. சாயங்காலம் முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். தினமும் காலையில் ஒரு களிம்பு பூச வேண்டும். அந்தக் களிம்பில் உள்ள ஒரு கொழுப்புதான் இந்தக் கிருமிக்குச் சோறு. அது கிடைக்காத தோலில் சில நாள் தாக்குப்பிடித்துவிட்டுச் செத்துப்போகும். அதனால் ஊரெல்லாம் பரவுமோ என்ற பயம் வேண்டாம். கைகுலுக்கல், பஸ் கம்பி, நீச்சல் குளம், முடிதிருத்தும் கடை என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எந்த ஊரில் பிறந்து வளர்ந்தார்களோ, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

முதல்நாள் சாயங்காலம் வாசம் வந்தபோது மௌலி ஓவென்று அழுதான். மித்ராவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அன்று கோகிலா நன்றாகத் தூங்கினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அப்படித் தூங்கக்கூடாது என்று கையேட்டில் இருந்தது. வெகுநாள் கழித்துத் தூங்குகிறவளின் கையை யார் விலக்குவார்கள்?

மாதங்கள் போயின. ஒருநாள் பட்டறையில் கரண்ட் இல்லை என்று மௌலி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். கூடத்தில் கோகிலா தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சாமி கும்பிடுகிற மாதிரி முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். கூடம் முழுக்க மித்ரா.

"இதென்ன கோகிலா?"

அவள் திடுக்கிடவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"உங்க பாதியும் எனக்கே வந்துருச்சாட்டிருக்குதுங்க. இனி நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதில்லை."

அவள் அதைச் சந்தோஷச் செய்தியாகத்தான் சொன்னாள். கேட்டவனுக்குச் சுருக்கென்று குத்தியது. களிம்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதனால் அவனுடைய கிருமி அவள் கையிலும் வஞ்சனையில்லாமல் வாழ்ந்துவிட்டது. டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சொன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றும் தெரியும். சொல்லவில்லை.

அதன்பிறகு சாயங்காலங்களில் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவிடுக்கு வழியாக வருகிற வாசத்தை மோந்துகொண்டு மௌலி கூடத்தில் கிடந்தான். ஒருநாள் பொறுக்காமல் தன் இரண்டு கைகளையும் சேர்த்து மூக்கில் வைத்துப் பார்த்தான். பட்டறை வார்னிஷும் தின்னரும் படிகிற கையில் அவள் பாதி தங்கவே இல்லை, வார்னிஷ் வாசம்தான் வந்தது. சேர்த்து வைத்துவிட்டு விலகிப்போகிற தரகன் யாரென்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மாடியில் குடியிருந்த வினோதினிக்கு ஆண்குழந்தை பிறந்தது.

வினோதினி சின்னப்பெண். தலைப்பிரசவம். அம்மா இல்லாதவள், பொள்ளாச்சியில் இருந்த அக்காவுக்கும் கைக்குழந்தை. புருஷனுக்கு ஓசூரில் வேலை, லீவு கிடைத்தால் வருவான். மாமியார் ருக்குமணி வந்து கூட இருந்தாள், ஆனால் முழங்கால் வலியில் அந்தம்மாளால் கீழே உட்கார முடியாது. எனவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கோகிலாவைக் கூப்பிட்டார்கள்.

கோகிலா மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துக்கொள்வாள். குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் அணைகட்டி அணைகட்டி ஊற்றுவாள். கக்கம், கழுத்து மடிப்பு, தொடையிடுக்கு என்று அவள் விரல் படாத இடம் இருக்காது. மூன்று வருஷமாகச் சும்மா கிடந்த கைகள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவள் முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள். மௌலிக்கு மனசு குளிர்ந்துபோனது. இனிக் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தான். சாத்திக்கொள்ளவும் இல்லை. காரணம்தான் வேறு.

பெயர் சூட்டு விழாவெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் மாடியில் ஃபியூஸ் போய்விட்டதென்று மௌலியைக் கூப்பிட்டார்கள். போட்டுவிட்டு இறங்கப் போனவனிடம், "செத்த புடிங்க தம்பி, தொட்டில்துணி மாத்தோணும்," என்று ருக்குமணி குழந்தையைக் கொடுத்தாள்.

மௌலி வாங்கித் தோளில் சாய்த்தான். குழந்தையின் தலை அவன் தாடையில் இடித்தது. அவ்வளவுதான்.

வாசம் வருவதற்கு நேரமே பிடிக்கவில்லை. கையோடு கை சேர்க்கவும் இல்லை. அந்தப் பிஞ்சு மண்டையிலிருந்து, காதோரத்திலிருந்து, கழுத்து மடிப்பிலிருந்து மித்ரா மூச்சு விடுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தாள். மௌலி குழந்தையைத் தூக்கி முகத்தைப் பார்த்தான். முன்பின் தெரியாத முகம். அது அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கோகிலா கீழே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான். எது என்று அவள் கேட்கவில்லை.

"தெரியாமங்களா? குளிப்பாட்டப் போயிக் கொஞ்ச நாள்லயே வந்துருச்சு."

"அவங்ககிட்டச் சொல்லலியா?"

"என்னன்னு சொல்றதுங்க? எம்பட புள்ள உம்பட புள்ளமேல வந்து உக்காந்துட்டாள்னா?" கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "கைய மோந்தா வெறும் கைதானுங்க. இது அப்படியில்ல. தூக்கினா கனம் இருக்குது. சூடு இருக்குது. மோந்தா மித்ரா இருக்கறா. என்னைய விட்டுப்போட்டு ஒரு நிமிசம் இருக்க மாட்டீங்கறான்."

அது உண்மைதான். பச்சைக்குழந்தைக்குக் கண்ணைவிட மூக்குதான் முதலில் திறக்கும் போலிருக்கிறது. கோகிலா தூக்கினால் வாயை மூடிக்கொள்ளும். பெற்றவள் தூக்கினால் வீறிட்டு அழும். பால் குடிக்க மார்பருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வினோதினி ஒருநாள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மௌலியைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணா, நான் ஒண்ணு சொன்னா நீங்களும் சிரிப்பீங்களா?"

"சொல்லு கண்ணு."

"இவன் எம்புள்ள இல்லீங்கண்ணா. ஆஸ்பத்திரில மொத நாள் மார்மேல போட்டாங்க பாருங்க, அப்ப ஒரு வாசம் வந்துச்சு. அது எனக்கு நல்லாத் தெரியும். இப்ப அது இல்ல. வேற யாரோ வாசம் வருது. பெரிய புள்ள வாசம். நானும் பயந்து பயந்துதான் தூக்கறேன், அவனுக்கும் அது தெரியுது போல."

உள்ளே இருந்து ருக்குமணி குரல் கொடுத்தாள். "ஆரம்பிச்சுட்டாளா? தம்பி, பிரசவச் சூடு மண்டைக்கு ஏறிக்கிச்சு. மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு, ஒண்ணும் கேக்கல. சரியாகிற வரைக்கும் பையன் உங்க வீட்லயே இருக்கட்டும்னு மகன் சொல்லிட்டான். கோகிலா பாத்துக்கறேன்னுட்டா."

வினோதினி சொல்வது ஒவ்வொன்றும் சத்தியம் என்று கோகிலாவைத் தவிர அந்த வீட்டில் தெரிந்தவன் மௌலி ஒருவன்தான். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சொன்னால் மித்ரா போய்விடுவாள். அவனுக்கும்தான் அவள் மகள்.

அன்றைக்கே கோகிலா கூடத்து உத்திரத்தில் தொட்டில் கட்டிவிட்டாள். மௌலி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா சாப்பிட்டுட்டு வந்து தூக்குவாராம். அதுவரைக்கும் சமத்தா இருக்கோணும். என்ன மித்து?"

மௌலியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் தவறிப்போய்ச் சொல்லவில்லை. கூப்பிட்டுவிட்டு, பதில் வருமென்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து குழந்தை ஏதோ சத்தம் கொடுத்தது. அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே மௌலி டாக்டர் எஸ்தர் எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிறந்த குழந்தை உடம்புல வெள்ளையா ஒரு மாவு ஒட்டியிருக்குமே, பாத்திருக்கீங்களா? அதுல அந்தக் கொழுப்பு இருக்கு. எங்க களிம்புல இருக்கறதும் அதேதான். மாவு போனப்புறமும் கொஞ்ச மாசத்துக்கு அந்தத் தோல்ல அது ஊறிட்டே இருக்கும். பெரியவங்க தோல்ல ஏற்கெனவே ஆயிரம் பேர் குடியிருக்காங்க, புதுசா வர்றவனுக்கு இடம் கிடைக்காது. குழந்தைத் தோல் அப்படியில்ல. காலி வீடு. முதல்ல யார் நுழையறாங்களோ அவங்க வீடுதான்."

"உங்க வீட்டம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று இழுத்தார். பிறகு அவரே, "நாங்களும் யோசிச்சிருக்கணும். என்னையும் எங்க அம்மா கால்ல போட்டுத்தான் குளிப்பாட்டினாங்க," என்றார்.

"இதைப் போக்க முடியாதுங்களா?"

"முடியும். ஒரு கழுவுநீர் இருக்கு. அந்தக் கிருமியை மட்டும் கொல்லும், வேற எதையும் தொடாது. நீங்க ரெண்டு பேரும் குழந்தையும் தொடர்ந்து கழுவணும். உங்களுக்கு உங்க பழைய வாசம் திரும்பிடும்."

"குழந்தைக்கு?"

"அவனுக்குப் பழைய வாசம்னு ஒண்ணு ஆரம்பிச்சு ரெண்டு நாள்தான் இருந்திருக்கும். அது என்னன்னு பெத்தவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கழுவினப்புறம் யார் அதிகமாத் தூக்கறாங்களோ அவங்ககிட்ட இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு உருவாகும். அதனால அவங்க அம்மா மட்டும்தான் தூக்கணும். முதல்ல அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. எங்கமேல என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். அப்புறம் மௌலி சார், இந்த வாசம் மறுபடி எங்க வந்தாலும், எந்தக் குழந்தைகிட்ட வந்தாலும், எனக்கு உடனே போன் பண்ணணும்."

"பண்றனுங்க," என்று வாக்குக் கொடுத்தான்.

மாடிக்குப் போய் வினோதினியிடம் சொன்னபோது, அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்தபோது முதலில் கேட்டது, "அப்ப நான் பைத்தியம் இல்லீங்களாண்ணா?"

"இல்ல கண்ணு. நீ சொன்னது அத்தனையும் நெசம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

மௌலி தலையைக் குனிந்துகொண்டான். வினோதினி எழுந்து விறுவிறுவென்று படியிறங்கினாள். டாக்டர் கொடுத்தனுப்பிய கழுவுநீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மௌலி பின்னாலேயே ஓடினான்.

கோகிலா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவன் காலையில் எங்கே போனான் என்பதை ஊகித்துவிட்டாள் போலிருக்கிறது. அவளை அப்படி மௌலி பார்த்ததே இல்லை. கிட்டே வந்தால் கடித்துவிடுவாள் போலிருந்தாள்.

"அக்கா, குடுங்க," வினோதினி கையை நீட்டினாள்.

"கழுவிப்போட்டா அவ ரெண்டாந்தடவை செத்துருவா வினோ. மொத தடவையே என்னால தாங்க முடியல. உனக்கென்ன, நீ இன்னொண்ணு கூடப் பெத்துக்குவ. உன்னையக் கையெடுத்துக் கும்பிடறேன்."

வினோதினி நீட்டிய கையை மடக்கவில்லை. குரலும் நடுங்கவில்லை. "கழுவலைன்னா எம்புள்ள இன்னும் பொறக்கவே இல்லீங்கக்கா."

குழந்தை கோகிலாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கோகிலா குனிந்து அதன் உச்சந்தலையை மோந்தாள். இழுத்த மூச்சை விடவே மாட்டாளோ என்று மௌலிக்குப் பயமாகிவிட்டது. பிறகு விட்டாள். குழந்தையை வினோதினியின் கையில் வைத்தாள். அது விழித்து வீறிட்டது. "தலையத் தாங்கிப் புடி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கழுவுநீர் நிறமில்லாமல் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. மௌலியும் கோகிலாவும் சொன்னபடி கழுவினார்கள். வாசம் ஒரேயடியாகப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டப் போனது. கடைசியில் ஒருநாள் கோகிலா கைகளைச் சேர்த்து மோந்து பார்த்துவிட்டு, "சோறு வாசம் அடிக்குது," என்றாள். அழவில்லை. அன்று சாயங்காலம் அவளாகவே வந்து மௌலியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதுவும் வராது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் உட்கார்ந்திருந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

வினோதினி குழந்தையைக் கழுவி முடித்த கையோடு பொள்ளாச்சியில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோகிலா இருக்கிற வீட்டில் இருக்க அவளுக்குப் பயம். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

அவள் திரும்பி வந்தது ஆடி முடிந்தபிறகு. ஆட்டோவிலிருந்து இறங்கியவளை மௌலிக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னத்தில் சதை போட்டிருந்தது. இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று உட்கார்ந்து அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மாடிக்குப் போகாமல் நேராக இவர்கள் வீட்டுக்குள் வந்தாள்.

"அக்கா, உங்கமேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. உங்ககிட்டக் காட்டிட்டுத்தான் மேல போகோணும்னு வந்தேன். இப்ப நல்லாப் பால் குடிக்கறான். என்னைய விட்டு நகர மாட்டீங்கறான். அந்த வாசமெல்லாம் போயிருச்சுங்கக்கா. ஆஸ்பத்திரில மொத நாள் வந்துச்சே, அது திரும்ப வந்துருச்சு. அதே வாசம். எனக்கு மறக்குமா?"

"ரொம்ப சந்தோசம் வினோ," என்றாள் கோகிலா, தள்ளி நின்றபடியே.

"அங்க அக்கா புள்ளையும் இவனும் ஒரே தொட்டில்தான். அதாங்கக்கா, பேரு வெச்சன்னிக்கு வந்திருந்தாளே, அன்னிக்கு ரெண்டு பேரையும் நீங்கதானே குளிப்பாட்டி விட்டீங்க? அந்தப் புள்ளைக்கும் அச்சு அசல் இதே வாசம். எங்கம்மா வழி வாசம்னு அக்கா சொல்றா. அந்தத் தெருவுல யாரு வந்து தூக்கினாலும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறா. எங்கம்மாவே திரும்பி வந்தாப்பல இருக்குதுங்கக்கா. இந்தாங்க, மோந்து பாருங்க."

அவள் குழந்தையைக் கோகிலாவின் கையில் கொடுத்தாள்.

இரண்டு எட்டு தள்ளி நின்ற மௌலிக்கே அது வந்துவிட்டது. லேசான புளிப்பு, வறுத்த நிலக்கடலைத் தோல், பால். ஒரே தொட்டிலில் அக்கா பிள்ளையிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் வினோதினிக்கு இதுவே தன் பிள்ளையின் வாசமாகிவிட்டது. அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

கோகிலா குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். அவள் தோள் ஒருதரம் குலுங்கியது. வினோதினி ஆசையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

கோகிலா நிமிர்ந்தாள். "ஆமா கண்ணு," என்றாள். "உங்கம்மா வழி வாசந்தான்." சொல்லிவிட்டுக் குழந்தையை ஒரு நொடிகூட அதிகம் வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தாள். வினோதினி அவனைக் கொஞ்சிக்கொண்டே படியேறிப் போனாள்.

"டாக்டருக்குச் சொல்லோணுமே," என்றான் மௌலி. "பொள்ளாச்சித் தெருவுல இன்னும் எத்தனை புள்ளைங்களோ."

"சொன்னா வந்து கழுவுவாங்க. கழுவினா வினோவுக்கு அவன் மறுபடியும் யாரோ ஆயிருவானுங்க." கோகிலா மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே குழந்தை கெக்கலி கொட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நம்மகிட்ட இல்லாட்டியும் எங்கியோ ஒரு மடியில இருந்துட்டுப் போறா, விடுங்க."

அவள் உலை வைக்க உள்ளே போனாள். மௌலி போனில் டாக்டர் நம்பரை எடுத்தான், அழுத்தாமல் அங்கேயே நின்றான்.